தெருவில் ஓர் எடைக் குறைப்புக் குழு: 12 வாரம் நடத்தும் வழி

எடை குறைக்க என்று தெருவிலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ கூடும் குழுக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கலைகின்றன. முதல் வாரம் இருபது பேர் வருவார்கள். எல்லார் முன்னாலும் மெஷினில் ஏறுவார்கள். யாராவது ஒருவர் "அடேயப்பா!" என்பார், அதோடு நாலு பேர் நின்றுவிடுவார்கள். இரண்டாம் வாரம் ஒருவர் சத்துப் பொடி டப்பாவோடு வந்து சேருவார். மூன்றாம் வாரம் யார் வீட்டில் கூடுவது என்று கேட்கக்கூட ஆள் இருக்காது.

தாக்குப்பிடிக்கிற குழு உடம்பை அளப்பதைவிடச் சமையலறையை அளப்பதில்தான் நேரம் செலவழிக்கும். எண்ணெய், அரிசி, பருப்பு, சீனி ஆகிய நான்கும் வீட்டில் எவ்வளவு செலவாகின்றன என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள முறை அதை வைத்துத்தான்.

எத்தனை பேர், எப்போது

8 முதல் 12 பேர் போதும். அதற்கு மேல் போனால் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் பேசினாலே கூட்டம் முடியாது. ஐந்துக்குக் கீழே போனால் கல்யாணம், காய்ச்சல் என்று இரண்டு பேர் வராத வாரம் குழுவே இல்லாத மாதிரி ஆகிவிடும். ஒரே வீட்டிலிருந்து இருவர் வந்தால் நல்லது. அதிலும் ஒருவர் அந்த வீட்டில் சமைப்பவராக இருக்க வேண்டும். கணவர் மட்டும் குழுவுக்கு வந்துவிட்டு, வீட்டுக்குப் போய் "இனிமே எண்ணெயே ஊத்தாத" என்று உத்தரவு போட்டால் அந்த வீட்டில் நடப்பது எடைக் குறைப்பு அல்ல.

தொடங்கும் நாளை நாள்காட்டி பார்த்து வையுங்கள். ஆடி பிறந்த முதல் ஞாயிறு நல்ல தேர்வு. ஆடியில் கல்யாணம் குறைவு. 12 வாரம் முடியும்போது புரட்டாசி வந்துவிடும், தீபாவளிப் பலகாரத்துக்கு முன்னால் ஒரு பழக்கம் படிந்திருக்கும். நடுவில் கிருஷ்ண ஜெயந்திச் சீடையும் பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையும் வரத்தான் செய்யும். பண்டிகையே இல்லாத 12 வாரம் நம் ஊரில் கிடையாது, அதனால் அவற்றை முன்கூட்டியே நோட்டில் குறித்துவிடுங்கள். தையில் தொடங்கினால் முகூர்த்த சீசனில் மாட்டிக்கொள்வீர்கள்.

இடம்: மொட்டை மாடி, குடியிருப்பின் பொது அறை, கோயில் மண்டபத்தின் ஓரம், எதுவும் சரி. ஆனால் கதவு சாத்தக்கூடிய ஒரு சின்ன இடம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அது எடை பார்க்க.

முதல் நாளே சொல்ல வேண்டிய விதி ஒன்று உண்டு: இந்தக் குழுவில் யாரும் எதையும் விற்கக் கூடாது. பொடி, ஷேக், மூலிகைத் தேநீர், பெல்ட், எதுவும். ஒருவர் விற்கத் தொடங்கினால் மற்றவர்கள் வாங்க மறுக்கத் தயங்குவார்கள், பிறகு வராமலே இருந்துவிடுவார்கள். பணப் பந்தயமும் வேண்டாம். ஜெயிக்க வேண்டும் என்று கடைசி இரண்டு நாள் பட்டினி கிடப்பவர்களை அதுதான் உருவாக்குகிறது.

முதலில் டாக்டரிடம் போக வேண்டியவர்கள்

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைட், கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் சாப்பாட்டைக் குறைக்கும் முன் டாக்டரிடம் மருந்தளவைப் பேச வேண்டும். அதே மாத்திரையை விழுங்கிவிட்டுச் சோற்றைப் பாதியாக்கினால் சர்க்கரை திடீரென்று இறங்கும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சில் குழறல் ஆகியவை அதன் அடையாளம். உடனே மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரை பார்க்க வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸுக்கு 108. கூட்டம் நடக்கும் இடத்தில் ஒரு சின்ன டப்பா சீனி எப்போதும் இருக்கட்டும். எடைக் குறைப்புக் குழுவில் சீனி டப்பாவா என்று சிரிப்பார்கள், பரவாயில்லை.

சர்க்கரை நோய்க்கு டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் சோறு, இட்லியை அடியோடு நிறுத்திவிடக் கூடாது. அவர்களுக்கு அது வேறு விதமான ஆபத்து. இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு எடை குறையக் குறைய எழுந்து நிற்கும்போது தலைசுற்றலாம், மாத்திரையை மறுபடி சரிபார்க்கச் சொல்ல வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கீழே சொல்லும் பருப்பு அளவைத் தாங்களாகப் பின்பற்றக் கூடாது. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், 18 வயதுக்குட்பட்டவர்கள் இந்தக் குழுவில் எடை குறைக்க வேண்டாம். சமையல் பகுதியை மட்டும் கேட்டுக்கொள்ளலாம்.

அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையம் போதும், காசு இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர் உங்கள் தெருவுக்கு எந்த நாள் வருகிறார் என்று விசாரித்துவைத்தால், குழுவில் உள்ள வயதானவர்களுக்கு அலைச்சல் மிச்சம்.

அளவெடுத்தல்

வாங்க வேண்டியவை: டிஜிட்டல் எடை மெஷின் ஒன்று, 5 கிலோ வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று, தையல்காரர் டேப், 5 மி.லி., 15 மி.லி. அளவு ஸ்பூன்கள், ஆளுக்கு ஒரு 80 பக்க நோட்டு. செலவைப் பங்கு போட்டுக்கொண்டால் ஒருவருக்குப் பெரிய தொகை வராது.

எடை மெஷினைத் தரையில் வையுங்கள், பாய் மேலோ கார்ப்பெட் மேலோ வேண்டாம். மொசைக், டைல்ஸ், சிமென்ட் எதுவானாலும் நான்கு காலும் ஆடாமல் நிற்க வேண்டும். மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி: ஒருவர் ஏறி எடை பார்க்கட்டும். பிறகு பிரிக்காத 5 கிலோ அரிசிப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறட்டும். வித்தியாசம் 4.9க்கும் 5.1க்கும் நடுவில் இருந்தால் மெஷின் நல்லது. அதே மெஷின், அதே இடம், அதே மாதிரி உடை, இதை 12 வாரமும் மாற்றாதீர்கள். சாயங்காலக் கூட்டம் என்றால் காலை எடையைவிட ஒரு கிலோ வரை கூடக் காட்டும். அதனால் ஒன்றும் கெடாது, எல்லா வாரமும் சாயங்காலமே பார்த்தால் சரி.

எடை தனி அறையில். உள்ளே அளப்பவர் ஒருவர், அளக்கப்படுபவர் ஒருவர், அவ்வளவுதான். எண்ணைச் சத்தமாகச் சொல்லக் கூடாது, நோட்டில் எழுத வேண்டும். பெண்களுக்குப் பெண்ணே அளக்க வேண்டும், எல்லா வாரமும் அவரே அளக்க வேண்டும். ஆள் மாறினால் இடுப்பளவு மாறும்.

இடுப்பை எங்கே அளப்பது என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பாவாடை நாடா கட்டும் இடமும் பேன்ட் பெல்ட் போடும் இடமும் இடுப்பளவு அல்ல. கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பை விரலால் தொட்டுப் பாருங்கள், இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப் தரைக்கு இணையாகச் சுற்றி வர வேண்டும். மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு படியுங்கள். வயிற்றை உள்ளே இழுத்தால் தெரிந்துவிடும், சிரித்துவிட்டு மறுபடி அளக்கவும். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை.

உயரத்துக்கேற்ற எடைக்கு இந்தியர்களுக்கான கோடு தாழ்வாகவே போடப்பட்டிருக்கிறது. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண் 23க்கு மேல் போனால் அதிக எடை, 25ஐ எட்டினால் உடற்பருமன். 160 செ.மீ. உயரம் என்றால் 23 என்பது சுமார் 59 கிலோ, 25 என்பது 64 கிலோ. ஆனால் யாரையும் 59 கிலோவைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள். 80 கிலோ இருப்பவர் 76 ஆனாலே 5 சதவீதம் குறைந்துவிட்டது. சர்க்கரையிலும் அழுத்தத்திலும் மாற்றம் தெரிய அது போதும். வாரத்துக்கு அரைக் கிலோ நல்ல வேகம். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் அதைக் கொண்டாட வேண்டாம், பித்தப்பைக் கல் வர வழி செய்கிற வேகம் அது.

குழுவில் பேசும்போது கிலோவில் பேசாமல் சதவீதத்தில் பேசுங்கள். 78 கிலோக்காரர் 2.4 கிலோவும், 62 கிலோக்காரர் 1.9 கிலோவும் குறைந்திருந்தால் இருவரும் 3.1 சதவீதம்தான். கிலோவில் சொன்னால் ஒல்லியாக இருப்பவர் எப்போதும் தோற்றுக்கொண்டே இருப்பார்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள்

இது புதியவர்களுக்குப் பிடிக்காத வாரம். வந்த வேகத்தில் ஏதாவது செய்யத் துடிப்பார்கள். ஆனால் இப்போது என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் எதைக் குறைப்பது?

மூன்று நாள், அதில் ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமை, வாயில் போட்ட எல்லாவற்றையும் எழுத வேண்டும். "மதியம் சாப்பாடு" என்று எழுதினால் பயனில்லை. சோறு எத்தனை கரண்டி, குழம்பு எது, அப்பளம் எத்தனை, எல்லாம் வேண்டும். விட்டுப்போவது எப்போதும் இவைதான்: குழந்தை தட்டில் வைத்த மிச்சம், சமைக்கும்போது ருசி பார்த்தது, பக்கத்து வீட்டில் கொடுத்த காபி, மாவு காலியாகட்டும் என்று சுட்ட கடைசித் தோசை. வீட்டில் சமைப்பவர்களின் எடை பல நேரம் இந்தக் கணக்கில் வராத வாய்களில்தான் இருக்கிறது.

அதே வாரத்தில் வீட்டுக் கணக்கும் எடுக்க வேண்டும். போன மாதம் எத்தனை பாக்கெட் எண்ணெய், எத்தனை கிலோ சீனி, எத்தனை கிலோ அரிசி, எத்தனை கிலோ பருப்பு வாங்கினீர்கள், எத்தனை பேர் சாப்பிட்டார்கள். மளிகைச் சீட்டு பொய் சொல்லாது. நாக்கு சொல்லும்.

எண்ணெய் பாட்டில்

இரண்டாம் வாரம் முதல் இதுதான் முக்கிய வேலை. நான்கு பேர் வீட்டில் மாதம் 4 லிட்டர் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 மி.லி. அது கிட்டத்தட்ட 30 கிராம், 270 கலோரி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2000 கலோரி உண்பவருக்கே எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம்தான். எடை குறைப்பவர்கள் ஆளுக்கு 20 மி.லி. என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது 4 டீஸ்பூன்.

செய்முறை இதுதான். ஞாயிறு காலை ஒரு காலி பாட்டிலில் அந்த வாரத்துக்கான எண்ணெயை அளந்து ஊற்றுங்கள். நான்கு பேருக்கு 4 × 20 × 7 = 560 மி.லி. பாட்டிலில் டேப் ஒட்டி ஏழு கோடு போடுங்கள். பெரிய டின்னை அலமாரிக்குள் வைத்துவிட்டு இந்தப் பாட்டிலை மட்டும் அடுப்படியில் வையுங்கள். புதன்கிழமை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முதல் பாட்டில் வியாழனோடு காலியாகும். அது தோல்வி அல்ல, தகவல். எந்த நாள், எந்தச் சமையல் குடித்தது என்று நோட்டில் எழுதினால் அடுத்த வாரம் வழி தெரியும்.

பொரித்தால் கணக்கு எப்படி? சட்டியில் ஊற்றியதை அளந்து, பொரித்து ஆறிய பின் மீந்ததையும் அளந்து கழித்துக்கொள்ளுங்கள். பூரி, வடை போட்ட நாளில் மீதி ஆறு நாளுக்கான கோடு தானாகக் கீழே இறங்கிவிடும். யாரும் திட்ட வேண்டியதில்லை.

எங்கே குறைப்பது, எங்கே குறைக்கக் கூடாது என்பதில் கைப்பழக்கம் வேண்டும். தாளிப்புக்கு ஒரு டீஸ்பூன் தாராளம். சின்னத் தாளிப்புக் கரண்டியில் எண்ணெயைச் சாய்த்து வைத்துக் கடுகு போட்டால் வெடிக்கும். அகலமான வாணலியில் ஒரு டீஸ்பூன் பரவிப் போய்க் கடுகு கருகும், உடனே இன்னும் கொஞ்சம் ஊற்றத் தோன்றும். பீன்ஸ், கேரட், கோஸ், புடலங்காய்க்கு முதலில் கை தெளித்த தண்ணீரும் உப்பும் போட்டு மூடி வேகவைத்து, கடைசியில் தாளித்துக் கொட்டுங்கள். கத்திரிக்காய் பஞ்சு மாதிரி, போட்டதையெல்லாம் குடிக்கும். அதை ஆவியில் அரைவேக்காடாக்கி எடுத்துக்கொண்டு பிறகு வதக்க வேண்டும். தோசைக்கல்லில் எண்ணெயை ஊற்றாமல், பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தால் தோசைக்கு அரை டீஸ்பூனில் முடியும். கல் பழகாமல் இருந்தால் தோசை ஒட்டும். இரண்டு நாள் அதே கல்லில் எண்ணெய் தடவிப் பழக்குங்கள், சப்பாத்திக்கு வேறு கல் வைத்துக்கொள்ளுங்கள்.

வத்தக்குழம்பை மட்டும் தொடாதீர்கள். எண்ணெய் குறைத்த வத்தக்குழம்பு குழம்பும் இல்லை, மருந்தும் இல்லை. வாரத்தில் ஒரு நாள், வழக்கமான எண்ணெயில், ஆளுக்கு இரண்டு ஸ்பூன் விழுகிற மாதிரி கொஞ்சமாக வையுங்கள்.

தேங்காய்க்குத் தனிக் கணக்கு. துருவிய தேங்காய் இரண்டு மேசைக்கரண்டி சுமார் 50 கலோரி, பொரியலுக்கு அது தவறே இல்லை. காலை, இரவு இரண்டு வேளையும் தேங்காய்ச் சட்னி கிண்ணம் நிறைய என்றால்தான் பிரச்சினை. ஒரு வேளை தக்காளி, புதினா, கொத்தமல்லி, பீர்க்கங்காய்த் தோல் துவையல் என்று மாற்றுங்கள்.

காபி, டீ

ஒரு டீஸ்பூன் சீனி 5 கிராம், 20 கலோரி. நாளைக்கு மூன்று காபி, தலா இரண்டு ஸ்பூன் என்றால் சீனி மட்டும் 120 கலோரி. ஒரேயடியாக நிறுத்தினால் நாலாம் நாள் திரும்பி வந்துவிடும். வாரத்துக்கு அரை ஸ்பூன் குறையுங்கள், நாக்கு பழகிக்கொள்ளும். டீக்கடையில் "சக்கரை கம்மி" என்றால் மாஸ்டர் கை வழக்கம் போலத்தான் போடும். "சக்கரை இல்லாம குடுங்கண்ணே, தனியா குடுங்க" என்று கேட்டு வாங்கி நீங்களே கலந்துகொள்ளுங்கள்.

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், பனங்கருப்பட்டி, தேன் எதுவும் இந்தக் கணக்கில் தப்பாது. எல்லாமே சீனியை ஒட்டிய கலோரிதான். காலையில் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி தேன் கலந்து குடிப்பவர் எடை குறையும் என்று நம்பி 60 கலோரி கூட்டிக்கொள்கிறார்.

சோறும் பருப்பும்

நான்காம், ஐந்தாம் வாரம் தட்டுக்கு வாருங்கள். ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மி.லி., அதில் சுமார் 150 கிராம் அரிசி பிடிக்கும். வெந்தால் 400 கிராம் சோறு, 500 கலோரிக்கு மேல். மதியம் ஒரு ஆளுக்கு ஒரு கப் வடிக்கும் வீடுகள் நிறைய. எடை குறைப்பவருக்கு அதில் பாதியிலிருந்து தொடங்கலாம். ஆனால் சோற்றைக் குறைத்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விட்டால் நாலு மணிக்குப் பசி மிக்சர் டப்பாவைத் தேடும். குறைத்த இடத்தில் காயும் பருப்பும் வர வேண்டும்.

தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்பு அல்லது முட்டை, மீன், கோழி, கால் பங்கு சோறு. சொல்வது சுலபம். நம் சமையலில் இது எங்கே உடைகிறது என்றால் சாம்பாரில். நான்கு பேருக்கு இரண்டு வேளைச் சாம்பாருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டால், ஒருவருக்கு ஒரு வேளைக்கு வருவது 12 கிராம் பருப்பு, மூன்று கிராம் புரதம்கூட இல்லை. அதை நம்பிக் கால் தட்டு பருப்பு சாப்பிட்டுவிட்டோம் என்று நினைக்கக் கூடாது. 60 கிலோ உள்ளவருக்கு நாளைக்கு 50 கிராம் புரதமாவது வேண்டும்.

அதனால் சாம்பாரைக் குழம்பாக மட்டும் எண்ணி, பருப்பைக் கெட்டியாகத் தனியே கொண்டுவாருங்கள். பாசிப்பருப்புக் கூட்டு, கீரை பருப்புக் கடையல், பருப்பு உசிலி (ஆவியில் வேகவைத்து உதிர்த்தது, எண்ணெயில் பொரித்தது அல்ல), சுண்டல். ஆளுக்கு ஒரு வேளைக்கு 30 கிராம் பருப்பு என்று தராசில் நிறுத்துப் போடுங்கள், ஏழு கிராம் புரதம் கிடைக்கும். ஒரு முட்டையில் ஆறு கிராம். காலையில் நாலு இட்லிக்குப் பதில் மூன்று இட்லி, ஒரு அவித்த முட்டை என்றால் பதினோரு மணிப் பசி குறையும்.

காய்க்கு நாளைக்கு 400 கிராம், கீரையும் சேர்த்து. தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு என்று புரியும், வழக்கமாக வைக்கும் ஒரு கரண்டிப் பொரியல் 60, 70 கிராமைத் தாண்டாது. சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், பூசணி, சௌசௌ, வாழைத்தண்டு ஆகியவற்றைத் தாராளமாக நிரப்பலாம். உருளை, சேனை, கருணை, மரவள்ளி ஆகியவை காய்க் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கு. உருளைக்கிழங்கு வறுவலைக் காட்டி "காய் சாப்பிட்டேன்" என்பவர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார்.

சிறுதானியம் பற்றிக் கேள்வி வந்தே தீரும். சாமை, வரகு, தினை நல்ல உணவு, நார்ச்சத்து கூடுதல். ஆனால் 100 கிராமுக்குக் கலோரி அரிசிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். நெய் மிதக்கும் வரகுப் பொங்கல் பச்சரிசிப் பொங்கலின் தம்பிதான். அளவு குறையாமல் தானியத்தை மட்டும் மாற்றினால் மெஷினுக்குத் தெரியாது.

சாப்பிடும் வரிசையும் உதவும். முதலில் காய், கூட்டு, பிறகு சோறு. மறு சோறு போடும் முன் பத்து நிமிடம் பொறுங்கள். சோற்றுப் பாத்திரத்தைச் சாப்பிடும் இடத்துக்குக் கொண்டுவராமல் அடுப்படியிலேயே விட்டுவிட்டு வந்தால், எழுந்து போகும் சோம்பலே பாதி உதவி செய்யும்.

சாயங்காலம் 4 முதல் 7

மதியத்தைச் சரிசெய்தவர்கள்கூட இந்த நேரத்தில் விழுகிறார்கள். 50 கிராம் மிக்சர், அதாவது இரண்டு கைப்பிடி, 250 கலோரிக்கு மேல். டிவி முன்னால் டப்பாவோடு உட்கார்ந்தால் 50 கிராமில் நிற்பதும் இல்லை. டப்பாவை வாங்காமல் இருப்பதுதான் உருப்படியான வழி. வாங்கிவிட்டு அடக்கிக்கொள்வது மனிதர்களுக்கு ஆகாத வேலை.

கூட்டத்துக்கே சுண்டல் முறை வையுங்கள், வாரம் ஒருவர். 12 பேருக்குக் கறுப்புக் கொண்டைக்கடலை 360 கிராம். முந்தின இரவே மூன்று மடங்கு தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் தண்ணீர் மாற்றி, உப்புப் போட்டு குக்கரில் ஐந்து விசில், பிறகு பத்து நிமிடம் சிறு தீயில். கடுகு, உளுந்து, வரமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் தாளித்து, மூன்று மேசைக்கரண்டி தேங்காய், ஒரு மாங்காய் துருவிப் போட்டால் முடிந்தது. ஆளுக்கு ஆறு கிராம் புரதம், 120, 130 கலோரி. ஊற மறந்துவிட்டால் கடலைக்குப் பதில் பாசிப்பயறு, அதற்கு மூன்று மணி நேரம் ஊறினாலே போதும்.

நடை

வாரத்துக்கு 150 நிமிடம், மூச்சு கொஞ்சம் வாங்கும் வேகத்தில். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அரை மணி நடையில் 65 கிலோ உள்ளவர் செலவழிப்பது 120 முதல் 150 கலோரி. நடந்து முடித்துப் பூங்கா வாசலில் வடையும் காபியும் சாப்பிட்டால் நடந்ததைவிட அதிகம் உள்ளே போய்விட்டது. சூப்பு வண்டியும் பார்த்துத்தான், சோளமாவும் உப்பும் சேர்ந்த கெட்டிச் சூப்பு பசியைத்தான் கிளப்பும். தமிழக அரசு 2023இல் தொடங்கிய நடப்போம் நலம் பெறுவோம் திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு 8 கி.மீ. நடைபாதை ஒதுக்கியிருக்கிறார்கள். புதியவர்கள் அதில் கால்வாசியிலேயே திரும்பலாம். முதல் வாரத்திலேயே முழுத் தூரம் போனால் முழங்கால் வலியோடு இரண்டு வாரம் வீட்டில் இருக்க நேரும்.

கூட்டம் நடக்கும் விதம்

45 நிமிடம். முதல் 15 நிமிடம் எடை, அதே நேரம் வெளியே மற்றவர்கள் சுண்டல் சாப்பிடலாம் (எடை பார்த்த பிறகுதான் என்று சிலர் அடம்பிடிப்பார்கள், விட்டுவிடுங்கள்). அடுத்த 10 நிமிடம் ஒவ்வொருவரும் இந்த வாரம் கைகூடியது ஒன்று, கைகூடாதது ஒன்று சொல்வது. பிறகு 15 நிமிடம் ஏதாவது ஒன்றைக் கண்ணால் பார்ப்பது: ஒரு கப் அரிசியை நிறுத்துக் காட்டுவது, 20 மி.லி. எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றிக் காட்டுவது, பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்பது. பாக்கெட்டில் "100 கிராமுக்கு" என்று போட்டிருப்பதை, "ஒரு பரிமாறலுக்கு" என்று போட்டிருப்பதோடு குழப்பிக்கொள்ளாமல் படிக்கப் பழக ஒரு கூட்டமே வேண்டும். கடைசி ஐந்து நிமிடம் அடுத்த வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றம். ஒன்றுதான். மூன்று கொடுத்தால் ஒன்றும் நடக்காது.

எடை ஏறியவரிடம் பேசும் விதம்தான் குழுவின் ஆயுளைத் தீர்மானிக்கும். "என்னக்கா, ஏறிடுச்சா? என்ன சாப்டீங்க?" என்று கேட்டால் அடுத்த வாரம் அந்த அக்கா வரமாட்டார். "இந்த வாரம் எந்த நேரம் கஷ்டமா இருந்துச்சுக்கா?" என்று கேட்டால் மாமியார் வந்திருந்ததும் தினம் இரண்டு வேளை டிபன் சுட்டதும் வெளியே வரும். அதற்கு வழி தேடலாம். மாதவிலக்குக்கு முந்தின நாட்களிலும், ஊறுகாய், அப்பளம், கருவாடு கூடிய வாரத்திலும் உடம்பில் நீர் தங்கி ஒரு கிலோ வரை கூடக் காட்டும், அது கொழுப்பு அல்ல. சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்கிய முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்குவதும் பெரும்பாலும் தண்ணீர்தான். இரண்டையும் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால் பின்னால் அழுகையும் இல்லை, ஆர்ப்பாட்டமும் இல்லை.

குழுவுக்கு வாட்ஸப் வைத்தால் ஒரே பயன்பாட்டுக்கு வையுங்கள்: சாப்பிடும் முன் தட்டின் படம். காலை வணக்கம், மூலிகை வைத்தியம், "இதைக் குடித்தால் பத்து நாளில்" வகையறா அங்கே வந்தால், படம் போடுபவர்கள் நின்றுவிடுவார்கள்.

பந்தி

கல்யாணப் பந்தியில் எதுவும் சாப்பிடாமல் வருவது நடக்காது, நடக்கவும் வேண்டாம். போவதற்கு முன் பட்டினி கிடக்காதீர்கள். இலையில் பொரியல், கூட்டு, அவியல், ரசம் முதலில். இனிப்பு, வடை, அப்பளம், பாயசம் ஆகிய நான்கில் பிடித்த இரண்டு. சோறு போட வரும்போது கையை இலைக்கு மேல் நீட்டி "கொஞ்சம்ங்க, கொஞ்சம்ங்க" என்றால் பரிமாறுபவர் கரண்டி பாதியில் நிற்காது. முழுக் கரண்டி விழுந்ததும் பாதியை அப்படியே இலை ஓரத்தில் ஒதுக்கிவிடுங்கள். வீணாகிறதே என்ற குற்ற உணர்வு வரும், ஆனால் அந்தச் சோறு வயிற்றுக்குள் போனாலும் வீண்தான். மறுநாள் விரதம் வேண்டாம், வழக்கமான சாப்பாடு போதும்.

எடை அசையாமல் நின்றால்

ஏழாம் எட்டாம் வாரத்தில் பலருக்கு முள் நின்றுவிடும். உடம்பு சிறியதானதால் செலவும் குறைந்திருக்கும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் அளவு மெல்ல நழுவியிருப்பது: எண்ணெய்ப் பாட்டிலில் கோடு போடுவதை விட்டிருப்பீர்கள், அரிசிக் கப் தலைதட்டாமல் குவிந்திருக்கும். மூன்று நாள் மறுபடி முதல் வாரம் போல எழுதிப் பாருங்கள். ஞாயிறு மதியப் பிரியாணியும் இரவு பரோட்டாவும் ஆறு நாள் சேமிப்பைத் தின்றிருக்கலாம். எழுத்தில் எதுவும் சிக்கவில்லை, இடுப்பளவும் குறையவில்லை, கூடவே களைப்பு, குளிர் தாங்காமை இருந்தால் தைராய்டு பார்க்கலாம். ஏற்கனவே தைராய்டு மாத்திரை எடுப்பவர் அதைக் காபியோடு விழுங்குகிறாரா என்று கேளுங்கள். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விட வேண்டும்.

எந்த முயற்சியும் இல்லாமலே ஒருவருக்கு எடை வேகமாக இறங்கினால், தாகமும் அடிக்கடி சிறுநீரும் சேர்ந்திருந்தால், கைதட்டாமல் டாக்டரிடம் அனுப்புங்கள்.

12 வாரத்துக்குப் பிறகு

வாராந்திரக் கூட்டத்தை மாதம் ஒருமுறை ஆக்கலாம், எண்ணெய்ப் பாட்டிலை மட்டும் வாராவாரம் தொடருங்கள். குறைந்த எடையிலிருந்து இரண்டு கிலோ ஏறினால் அந்த வாரமே ஒரு போன் செய்வது என்று இருவர் இருவராக ஜோடி சேர்த்துவிடுங்கள். ஐந்து கிலோ ஏறிய பிறகு யாரும் போன் செய்ய மாட்டார்கள்.

நடுவில் நின்றுபோனவர்களை இரண்டு வாரம் வராதபோதே ஒருவர் நேரில் போய்ப் பார்க்கட்டும். எடையைப் பற்றிப் பேச வேண்டாம். "இந்த வாரம் சுண்டல் உங்க முறைக்கா" என்று சொன்னால் போதும்.